கல்லைத் தேடியவர் கண்ட கலை

விடுமுறைக்கு மீனாட்சிபுரத்திலிருந்து திருவனந்தபுரம் செல்கிறவர்கள், மிருகக்காட்சி சாலையைப் பார்த்த கையோடு பக்கத்திலுள்ள மியூசியத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவதுண்டு. அங்குள்ள வெண்கலச் சிலைகளைப் போன்றவை உயர்ந்த கலை என்று மேல்நாட்டார் ஒப்புக்கொண்டது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர். அவர்தான் டாக்டர் ஆனந்த குமாரசாமி.

1877 ஆகஸ்ட் 22-ல் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசாமி பெயர்பெற்ற வழக்கறிஞர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் தந்தவர். தாய் எலிசபெத், ஆங்கிலேய மாது. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தந்தை காலமானார். மகன் இங்கிலாந்தில் தாயிடம் வளர்ந்து, லண்டனில் நிலவியலும் தாவரவியலும் படித்துத் தேறினார்.

1903-ல் இலங்கையின் கனிமவள ஆய்வுத் துறைக்கு இயக்குநரானார். தோரியனைட் என்ற புதிய கனிமத்தைக் கண்டறிந்தார். அத்தோடு நின்றிருந்தால் விஞ்ஞானிகள் மட்டுமே அறிந்த பெயராகியிருப்பார். கல்லைத் தேடிக் கண்டிச் சீமையின் கிராமங்களில் அலைந்தபோது, தச்சரும் கன்னாரும் நெசவாளரும் பிழைப்பற்றுப் போவதைக் கண்டார். ஆலைச் சரக்கு வந்து குவிந்திருந்தது; பரம்பரைத் தொழிலைக் கேட்பார் இல்லை. அவர்களுடைய வேலைப்பாடுகளையெல்லாம் குறித்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908-ல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அச்சிட்ட பிரதிகள் 425 மட்டுமே.

1910-ல் லண்டன் கூட்டமொன்றில் சர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பவர் ஜாவாவின் புத்தர் சிலைப் படம் ஒன்றைக் காட்டி, அதைக் கொழுப்புச் சேர்த்து வேகவைத்த பலகாரத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். இத்தனைக்கும் அவர் இந்தியக் கைவினைகளைப் பற்றி நூல் எழுதியவர்! இதனால் கிளம்பிய எதிர்ப்பில் இந்தியா சொசைட்டி பிறந்தது. முன்னர் சென்னை ஓவியப் பள்ளியை நடத்திய ஹாவெலும் குமாரசாமியும் அதில் முன்னின்றனர்.

வட இந்தியாவில் ஊர் ஊராகச் சுற்றி, கவனிப்பாரற்றுக் கிடந்த ராஜபுத்திர ஓவியங்களைத் திரட்டினார். காசியில் ஒரு தேசிய மியூசியம் எழுப்பினால் அத்தனையையும் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். கட்டிடத்துக்குப் பணம் சேரவில்லை. கொடுக்க முன்வந்தும் வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் போனது நம் துரதிருஷ்டம். 1917-ல் அமெரிக்கச் செல்வர் டென்மன் ராஸ் அவற்றை வாங்கி பாஸ்டன் நுண்கலை மியூசியத்துக்கு அளித்தார். ஓவியங்களோடு குமாரசாமியும் அங்கே இந்தியப் பிரிவின் பொறுப்பாளராகப் போனார். அடுத்த ஆண்டு சிவ நடனம் பற்றிய நூல் வெளிவந்தது. நடராஜ வடிவத்தின் தத்துவத்தை மேல்நாட்டுப் படிப்பாளிகள் பலர் அதன் மூலமே அறிந்தனர்.

முப்பது ஆண்டுகள் மியூசியத்தில் வேலை பார்த்தவர், மியூசியத்தைப் பற்றி வினோதமான கருத்துடையவர். நடராஜர் பூஜைக்கு வார்க்கப்பட்டவர். குத்துவிளக்கு ஏற்றுவதற்குச் செய்யப்பட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகை மட்டும் ரசிப்பது அரைகுறைப் பார்வை. எதற்காகச் செய்தார்கள், யாருக்குப் பயன்பட்டது என்று தெரிவதே முழுப் பார்வை என்பார். ஐரோப்பாவின் பழைய தேவாலயச் சிற்பங்களுக்கும் இதே அளவுகோல்தான்.

1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. அதே மாதம் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. ஓய்வு பெற்று இந்தியா திரும்பி, அங்கேயே கடைசி நாட்களைக் கழிக்கப் போவதாக நண்பர்களிடம் அறிவித்தார். ஆனால் செப்டம்பர் 9-ந் தேதி, பாஸ்டனை அடுத்த நீடம் என்ற ஊரிலிருந்த தம் வீட்டில் காலமானார். அவர் அன்று காசிக்குக் கொடுக்க விரும்பிய ஓவியங்களில் பல இன்றும் பாஸ்டனில்தான் உள்ளன.