பட்டாணித் தோட்டத்துத் துறவி கிரகோர் மெண்டல்



வானத்தையும் கண்மாயையும் நம்பிப் பயிரிடும் புதுக்கோட்டைச் சீமையில், பட்டம் பார்த்து விதைப்பதும், உளுந்து என்று பூக்கும் என நாள் எண்ணிக் காத்திருப்பதும் நமக்குப் புதிதல்ல. தாய்ச் செடியின் குணம் சேய்ச் செடிக்கு எவ்வாறு வருகிறது என்ற கேள்விக்கு முதன்முதலில் கணக்கோடு விடை கண்டவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதை நம்மில் பலர் அறியோம். ஆகவே அவருடைய வரலாற்றை இவ்விழா மலரில் சுருக்கமாகத் தர விழைகிறோம்.

யோகான் மெண்டல் 1822ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த ஹைன்சென்டார்ஃப் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று செக் நாட்டில் உள்ளது. தந்தை ஏழை உழவர். மரம் விழுந்து அவர் காயமுற்றபின் குடும்பம் தளர்ந்தது. பட்டினியோடு படித்த மகனுக்குத் தங்கை தெரேசியா தன் சீதனப் பங்கில் ஒரு பகுதியையே விட்டுக் கொடுத்தாள். அந்த நன்றியை மறவாத மெண்டல், பிற்காலத்தில் அவளுடைய மக்களைப் படிக்க வைத்தார்.

1843இல் புருன் நகரில் புனித அகுஸ்தீனார் சபை மடத்தில் சேர்ந்து கிரகோர் என்னும் பெயர் பெற்றார். 1847இல் குருப்பட்டம் பெற்றார். நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் அவர்களுடைய வேதனையைத் தாங்க மாட்டாமல் தாமே நோயுற்றார். மடாதிபதி அவரைக் கடிந்து கொள்ளவில்லை; பள்ளியில் கற்பிக்க அனுப்பினார். ஆனால் 1850இல் ஆசிரியர் தேர்வில் தோல்வி. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1856இல் மீண்டும் முயன்றும் வெற்றி கிட்டவில்லை.

அதே 1856இல் மடத்துத் தோட்டத்தின் சிறு பாத்தியில் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார். உதகை, கொடைக்கானல் மலைகளில் விளைகிறதே, அதே பட்டாணிதான். மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளை நீக்கி, வேறு செடியின் மகரந்தத்தைத் தூவி, பூவை உறையிட்டு மூடுவார். எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 28,000 செடிகளை ஆராய்ந்தார். ஒரு சோதனையில் 7,324 விதைகளை எண்ணியபோது 5,474 உருண்டையாகவும் 1,850 சுருங்கியும் இருந்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று! தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு கூறுகள் வருகின்றன. ஒன்று மற்றொன்றை மறைக்கலாம், ஆனால் மறைந்தது அழிவதில்லை என்று அவர் கண்டார். அக்கூறுகளையே இன்று ஜீன்கள் என்கிறோம்.

பூக்கும் காலத்தையும் அவர் கவனித்தார். முந்திப் பூப்பதையும் பிந்திப் பூப்பதையும் கலந்தால், கலப்புச் செடி ஏறக்குறைய இடைக்காலத்தில் பூக்கிறது என்று எழுதினார். அச்சோதனை முடிவுபெறவில்லை என்றும் குறித்தார். அவர் விட்ட இடத்திலிருந்து பின்வந்தோர் தொடர்ந்தனர். சில பயிர்கள் குளிரை அனுபவித்த பின்னரே விரைந்து பூக்கும். இதனைத் தட்பப்பதனம் என்பர். பட்டாணிக்கு உறவான மெடிக்காகோ என்னும் செடியில், குளிருக்குப் பின் ஒரு ஜீன் விழித்துப் பூக்கும் செய்தியை இலையிலிருந்து நுனிக்கு அனுப்புகிறது என்று நம் காலத்தில் அறிந்துள்ளனர். துருக்கி நாட்டில் வளரும் காட்டுக் கொண்டைக்கடலைக்குக் குளிர் வேண்டும். நாம் சுண்டல் செய்யும் கடலையோ, மனிதர் பயிரிட்டுத் தெரிந்தெடுத்ததில் அத்தேவையைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. நம் உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் இக்குளிர் தேவையே இல்லை.

1865இல் புருன் இயற்கை அறிவியல் கழகத்தில் இருமுறை தம் முடிவுகளைப் படித்தார். மறு ஆண்டு அவை அச்சேறின. அதன் பெருமையை உணர்ந்தார் இல்லை. 1868இல் மடாதிபதியானபின், மடங்களின் மீது அரசு விதித்த வரியை எதிர்த்துப் போராடுவதிலேயே அவருடைய கடைசி ஆண்டுகள் கழிந்தன. 1884 ஜனவரி 6ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, இறைவனடி சேர்ந்தார். நகர மக்கள் நல்ல குருவை இழந்ததாக அழுதனர். பெரிய விஞ்ஞானியை இழந்ததாக அறியவில்லை. 1900ஆம் ஆண்டில் மூன்று நாட்டு அறிஞர்கள் தனித்தனியே அதே முடிவுகளை எட்டியபோதுதான் அவர் பெயர் உலகெங்கும் பரவியது.

தேர்வில் தவறிய பிள்ளையைப் பெற்றோர் தூற்றும் வீடுகள் நம் பங்கிலும் உண்டு. அவர்கள் மெண்டலை நினைத்துக் கொள்ளட்டும். இருமுறை தவறியவர், தம் பாத்தியை விட்டு விலகாதவர். குளிர்காலத்தில் செடி வளராமல் கிடப்பதுபோல் நமக்குத் தோன்றும். உள்ளேயோ பூப்பதற்கான ஆயத்தம் நடந்து கொண்டிருக்கும். இப்பங்கை உருவாக்கிய நம் முன்னோரும் தம் உழைப்பின் பலனை முழுவதும் கண்டவரல்லர். அவர்கள் விதைத்ததை அறுவடை செய்யும் நாம், நம் பிள்ளைகளுக்காகப் பொறுமையோடு விதைப்போமாக.