உங்க டிஏசிக்கு ஒரு பரீட்சை: மதுரை மணி ஐயர்

ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து ஒரு டிஏசி போர்டை சாலிடர் பண்ணி முடிச்சிட்டீங்கன்னு வச்சுக்குவோம். ராஸ்பெர்ரி பை மேல ஒரு பிசிஎம் 5102 சிப், பவருக்கு பழைய மொபைல் சார்ஜர், வெளியே தொங்குற ரெண்டு ஆர்சிஏ ஒயர். கை இன்னும் ஃப்ளக்ஸ் வாடை அடிக்குது. இப்போ முதல்ல எந்தப் பாட்டைப் போடுவீங்க? முக்கால்வாசிப் பேர் பேஸ் அதிர்ற சினிமாப் பாட்டைத்தான் போடுவோம். அதுல ஃபெயிலாகுற போர்டே கிடையாது. ரூம் மேட் தலையாட்டுவான், நாமளும் ஜெயிச்சிட்டோம்னு நினைச்சுக்குவோம்.

அதுக்குப் பதிலா, நம்ம ஊர்க்காரர் ஒருத்தரோட பழைய கச்சேரி ரெக்கார்டிங் ஒண்ணைப் போட்டுப் பாருங்க. இரைச்சல் இருக்கும், மோனோதான், நடுவில் யாரோ இருமுவாங்க. ஆனா உங்க போர்டையும், அதைவிட முக்கியமா உங்க காதையும், அது சரியா பரீட்சை பண்ணும். அந்த ஊர்க்காரர் மதுரை மணி ஐயர். அவர் கதையைச் சொல்லிட்டு பரீட்சைக்கு வர்றேன். கதை தெரிஞ்சாத்தான் எதைக் கேட்கணும்னு தெரியும்.

மதுரையில் ஒரு பையன்

1912 அக்டோபர் 25 அன்று மதுரையில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் சுப்பிரமணியன், கூப்பிட்டது மணி. அப்பா ராமசாமி ஐயருக்கு சங்கீத இலக்கணம் நன்றாகத் தெரியும். அப்பாவின் சகோதரர் புஷ்பவனம் ஐயர் அந்தக் காலத்தில் தென்னாடு முழுக்கப் பெயர் வாங்கிய பாடகர். இளம் வயதிலேயே போய்விட்டார். ஆக, வீட்டுக்குள் ஒரு பெரிய குரல் இருந்து திடீரென்று நின்றுபோன பிறகு வளர்ந்த பையன் இவர்.

மதுரை அப்போதே காது நீண்ட ஊர். மீனாட்சி கோயிலில் தட்டினால் ஸ்வரம் பேசும் கல் தூண்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. கோயிலில் நாதஸ்வரம், வீதியில் பஜனை, கல்யாண வீட்டில் கச்சேரி. மணி பிறந்து நாலு வருஷம் கழித்து, 1916இல், எம்.எஸ். சுப்புலட்சுமியும் இதே ஊரில்தான் பிறந்தார். அவர் சின்ன வயதிலேயே இசைத்தட்டில் பாட ஆரம்பித்தவர். மணி ஐயர் கதை வேறு மாதிரிப் போனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒன்பது வயதில் பாட்டு சிட்சை ஆரம்பம். முதல் குரு ராஜம் பாகவதர். அடுத்தது, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மதுரையில் நடத்திய தியாகராஜ சங்கீத வித்யாலயம். முத்தையா பாகவதர் சாதாரண ஆள் இல்லை: பாடகர், கதாகாலட்சேபக்காரர், புது ராகங்களுக்கு உருவம் கொடுத்தவர், ஏகப்பட்ட கிருதிகள் செய்தவர். பேண்டு வாத்தியக் கணக்கில் ஸ்வரங்களைக் கோத்து அவர் செய்த ஒரு துண்டு உருப்படிக்கு ‘இங்கிலீஷ் நோட்டு’ என்று பெயர். பிற்காலத்தில் சிஷ்யர் கச்சேரி முடியும் நேரத்தில் கூட்டம் கேட்டு வாங்கியது அதைத்தான்.

முதல் கச்சேரி பன்னிரண்டு வயது வாக்கில், சிவகங்கைப் பக்கம் அலவாக்கோட்டையில். மதுரையில் இருந்து கிழக்கே போனால் கண்மாயும் கருவேலமும் வயலுமாக விரிகிற அதே சமவெளி. மைக் பரவாத காலம். கூட்டத்தின் கடைசி ஆள்வரை குரல் தானாகப் போய்ச் சேர வேண்டும். சத்தம் போட்டால் போய்ச் சேரும் என்றுதான் நாம் நினைப்போம். மணி ஐயர் வளர்த்துக்கொண்ட வழி வேறு: சுருதியோடு ஒட்டிக்கொண்டு பாடுவது.

சுருதின்னா என்ன? கொஞ்சம் கணக்கு

இங்கே நம்ம சிலபஸ் உதவிக்கு வரும். ஆதார சட்ஜம் 150 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சமம் அதைப்போல் ஒன்றரை மடங்கு, 225. சட்ஜத்தின் மூன்றாவது ஹார்மோனிக் 450. பஞ்சமத்தின் இரண்டாவது ஹார்மோனிக்கும் 450. ரெண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிடும். பாடுகிறவர் 225க்குப் பதில் 226இல் நின்றால்? 450க்கும் 452க்கும் நடுவே நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். அதுதான் பீட்ஸ். லேப்ல ரெண்டு டியூனிங் ஃபோர்க் வச்சுக் கேட்டது ஞாபகம் இருக்கா? அதே சமாச்சாரம். சபையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஹெர்ட்ஸ் தெரியாது. ஏதோ ஒன்று உறுத்துகிறது என்று மட்டும் தெரியும்.

தம்புராவில் நாலே தந்தி: ஒரு பஞ்சமம், இரண்டு சாரணி, ஒரு மந்தர சட்ஜம். குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நூலைச் செருகுவார்கள். அதற்கு ஜீவாளி என்று பெயர். அது சரியான இடத்தில் நின்றால் ஹார்மோனிக்குகள் கொத்துக் கொத்தாக எழும்பும். யாரும் மீட்டாத அந்தர காந்தாரம்கூட தானாகக் கேட்கும். காரணம், சட்ஜத்தின் ஐந்தாவது ஹார்மோனிக் 750. அதை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினால் 187.5. அதாவது சட்ஜத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு.

மணி ஐயரின் பெருமை என்று ரசிகர்கள் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். ஒரு ஸ்வரத்தில் கார்வை கொடுத்து நின்றால் குரலும் தம்புராவும் பிரித்துப் பார்க்க முடியாதபடி கரைந்துவிடும். கல்பனா ஸ்வரத்தில் பெரிய கணக்கு வழக்கு காட்ட மாட்டார். தாளத்தின் ஓட்டத்தோடு சர்வலகுவாக, நடந்து போகிற மாதிரி, ஸ்வரம் மேல் ஸ்வரமாகப் போய்க்கொண்டே இருப்பார். அந்த ஓட்டத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் அதன் இடத்தில் உட்காரும். வேகமாக ஓடும்போது கால் தடுமாறாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மயிலாப்பூரும் தெருக்கூட்டமும்

பிறகு வாழ்க்கை சென்னைக்கு நகர்ந்தது. ஊர்ப்பெயர் மட்டும் கடைசிவரை கூடவே இருந்தது. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் கச்சேரிகளுக்குக் கூடிய கூட்டம் பெரிய கதை. டிக்கெட் கிடையாது. சங்கீத இலக்கணம் கரைத்துக் குடித்தவரும், வேலை முடிந்து வழியில் நின்றவரும் ஒரே தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். பாபநாசம் சிவனின் ‘காணக் கண் கோடி வேண்டும்’, ‘கா வா வா’, கோபாலகிருஷ்ண பாரதியின் ‘எப்போ வருவாரோ’, தியாகராஜரின் ‘சரஸ சாமதான’ எல்லாம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது இப்படித்தான். தீட்சிதரின் நவக்கிரக கிருதிகளையும் மேடைமேடையாகப் பாடிப் பரப்பினார்.

உடம்பு ஒத்துழைக்கவில்லை. நோயும், மங்கிய பார்வையும் கூடவே வந்தன. கண் விட்ட இடத்தில் காது நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். 1959இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி, 1960இல் சங்கீத நாடக அகாடமி விருது. சகோதரி மகன் டி.வி. சங்கரநாராயணன் சிஷ்யராகக் கூடவே இருந்து அந்தப் பாணியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார். 1968 ஜூன் 8 அன்று சென்னையில் மணி ஐயர் காலமானார். வயது 55.

தேதியைக் கவனிச்சீங்களா? பிலிப்ஸ் கேசட் வந்தது 1963இல். சிடி வந்தது 1982இல். டிஜிட்டல் என்ற சமாச்சாரத்தை அவர் கேட்டதே கிடையாது.

நாடா சொல்லும் பொய்யும் உண்மையும்

அந்தக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் மூணு, மூணரை நிமிஷம்தான். மணி ஐயர் ஸ்வரம் ஆரம்பித்துச் சூடு பிடிக்கவே அது போதாது. இன்று நம் காதுக்கு வருகிற மணி ஐயரில் பெரும்பகுதி கச்சேரிகளில் ஸ்பூல் டேப்பில் பிடித்தது. அது கேசட்டுக்குப் போய், கேசட்டில் இருந்து இன்னொரு கேசட்டுக்குப் போய், கடைசியில் எம்பி3 ஆகி உங்க போனுக்கு வந்து சேர்ந்திருக்கும். ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும்.

எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்கலாம். 16 பிட் டிஜிட்டலின் டைனமிக் ரேஞ்ச் கணக்குப்படி சுமார் 98 டெசிபல். உங்க சிப்பின் டேட்டா ஷீட் 112 என்று சொல்லும். வீட்டு டேப் ரெக்கார்டர் 50, 55 தொட்டாலே பெரிய விஷயம். ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்று போட்டால் ஒன்பது பிட் சொச்சம். ஆக, இரைச்சல் கேட்டால் போர்டைக் குறை சொல்லாதீங்க. உறுமல் கேட்டால் மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருங்க. பாட்டை பாஸ் பண்ணின பிறகும் உறுமல் இருந்தால் அது உங்க சார்ஜரோ கிரவுண்ட் லூப்போ. பாட்டோடு சேர்ந்து நின்றால் அது நாடாவில் இருப்பது.

நாடாவில் இருக்கிற உறுமலைத் திட்டாதீங்க, அது ஒரு சாட்சி. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடாசிட்டியில் ஸ்பெக்ட்ரம் போட்டு, உறுமல் 52இல் நிற்கிறது என்றால் நாடா சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். குரல் மெலிந்து வேறு ஆள் மாதிரி ஆகிவிடும். ஒரு எச்சரிக்கை: காப்பி எடுத்த மெஷினும் தன் பங்குக்கு உறுமலைச் சேர்த்திருக்கும். ரெண்டு உச்சி தெரிந்தால் சரியாக 50இல் நிற்பதை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்க.

இப்போ முக்கியமான விஷயம். நாடா வேகமாக ஓடினால் குரல் 4 சதவீதம் ஏறும். தம்புராவும் அதே 4 சதவீதம் ஏறும். வயலினும் மிருதங்கமும் அப்படித்தான். 225க்கும் 150க்கும் உள்ள உறவு ஒன்றரையாகவே இருக்கும். நாடா ஆடினாலும் எல்லாம் சேர்ந்தே ஆடும். உயர் ஒலிகள் தேய்ந்திருக்கும், இரைச்சல் ஏறியிருக்கும், கட்டை மாறியிருக்கும். விகிதம் மட்டும் பிழைத்துவிடும். மணி ஐயர் ஆயுசு முழுக்க எதைக் காப்பாற்றினாரோ, மட்டமான நாடாவும் அதைக் கெடுக்க முடியவில்லை.

அதனால்தான் பரீட்சைக்கு இவர். அவர் ஒரு கார்வையில் நிற்கிற இடத்தை எடுத்துக்கோங்க. பின்னால் தம்புரா கேட்கிறதா? குரல் முடிந்த அடுத்த கணம் தம்புரா தொடர்வது தெரிகிறதா, இல்லை குரலோடு சேர்ந்து அணைந்துவிடுகிறதா? இதுதான் கேள்வி. பேஸ் அதிர்வது அப்புறம்.

இரண்டு போர்டை ஒப்பிடுவதாக இருந்தால் ஒழுங்காகச் செய்யுங்க. 200 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ரெண்டு அவுட்புட்டையும் மல்டிமீட்டரில் அளந்து 1 சதவீதத்துக்குள் சமம் பண்ணுங்க. கொஞ்சம் சத்தமாக இருக்கிற பெட்டியே நல்ல பெட்டி என்று காது ஏமாந்துவிடும். அப்புறம் எது ஓடுகிறது என்று சொல்லாமல் ஃபிரெண்டை மாற்றிமாற்றிப் போடச் சொல்லுங்க. பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னால் வித்தியாசம் நிஜம். அஞ்சு, ஆறு வந்தால் காசு சுண்டிப் பார்த்த கதைதான்; கேபிளுக்குச் செலவு பண்ணாதீங்க.

ஒரு வேண்டுகோள்

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பழைய வீட்டுப் பரணில் இன்னும் ஸ்பூல்கள் இருக்கலாம். தாத்தா கல்யாணக் கச்சேரியாக இருக்கும், கோயில் கச்சேரியாக இருக்கும். பழைய அசிடேட் நாடா கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்கும். அப்புறம் அதிக நாள் தாங்காது. இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை என்று உங்க கையில்தான் கொடுப்பாங்க.

அப்போ ஒரு தப்பைச் செய்துவிடாதீங்க. சாஃப்ட்வேரில் இரைச்சல் நீக்க, யாரும் பாடாத ரெண்டு நொடியை மாதிரியாக எடுத்துக் கொடுப்போம். கச்சேரியில் யாரும் பாடாத நொடியில் என்ன ஓடிக்கொண்டிருக்கும்? தம்புரா. மாறாமல் ஒரே சீராகக் கேட்கிற அதையும் இரைச்சல் என்றே சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்ளும், துடைத்துவிடும். குரல் பளிச்சென்று வரும், வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவாங்க. ஆனா அந்தக் குரல் எதோடு சேர்ந்து நின்றது என்ற சாட்சி போய்விடும். அறுபது வருஷம் நாடா கெடுக்காததை நாம் ரெண்டு கிளிக்கில் கெடுத்திருப்போம்.

அதனால் முதலில் எதுவும் துடைக்காமல், 24 பிட்டில் ஒரு வேவ் ஃபைலாக எடுத்து, ரெண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்க. சுத்தம் பண்ணுவதெல்லாம் அதன் காப்பியில் செய்து பாருங்க. முடித்த பிறகு ஹெட்ஃபோனை மாட்டி, ஒரு கார்வை முடிகிற இடத்தில் தம்புரா இருக்கிறதா என்று கேளுங்க. இல்லையென்றால் அன்டூ பண்ணிவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பிங்க.