வராத காலுக்கு ஒரு டோர்னமென்ட்! - ஆசியத் தங்கத்துக்குப் பின்னால் இருந்த ரஹீம் வாத்தியார்

செஞ்சியிலிருந்து சிங்கவரம் ரொம்பப் பக்கம். ரங்கநாதர் குகைக் கோயில் இருக்கும் மலைக்குக் கீழே, அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த ஒரு நிலத்தில் பசங்க கால்பந்து ஆடிக்கொண்டிருந்தாங்க. கோல் போஸ்ட்டுக்குப் பதிலா ரெண்டு ஜோடி செருப்பு. அதில் ஒருத்தனுக்கு வலது கால் கட்டைவிரலில் துணிக்கட்டு. வேற வழியில்லாம இடது காலாலேயே உதைத்தான். பந்து எங்கெங்கோ போனது. எல்லாரும் சிரிச்சாங்க.

எனக்கு ஒரு ஸ்கூல் வாத்தியார் ஞாபகம் வந்துட்டார். பல வருஷத்துக்கு முன்னாடி ஹைதராபாத்தில் இதையே ஒரு விதியாக்கி டோர்னமென்ட் நடத்தியவர். உனக்கு எந்தக் கால் வராதோ, அந்தக் காலால் மட்டும்தான் ஆடணும்!

அவர்தான் சையத் அப்துல் ரஹீம். 2024-ல் அஜய் தேவ்கன் நடிப்பில் வந்த ‘மைதான்’ படம் பார்த்தவங்களுக்கு இந்தப் பெயர் தெரிஞ்சிருக்கும். படம் இந்திய அணியின் கோச்சாக அவரைக் காட்டியது. அதில் தப்பில்லை. ஆனா, எனக்கு அதைவிடப் பிடிச்சது ஊர் லீக்கைக் கட்டிக்காத்த ரஹீம்தான்.

1909 ஆகஸ்ட் 17-ல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழக அணிக்காக ஆடினார். படிப்பை முடிச்சதும் வாத்தியார் வேலை. காச்சிகுடா, சாதர்காட் என்று நகரத்தின் பல பள்ளிகளில் பாடம் எடுத்தார். சாயங்காலமானா உள்ளூர் கிளப் மேட்ச்.

1940-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. கேட்க பெரிய பதவி மாதிரி இருக்கும். ஊர்ச் சங்கச் செயலாளர்னா என்ன வேலைனு டோர்னமென்ட் நடத்திப் பார்த்தவங்களுக்குத் தெரியும். கிரவுண்டு பிடிக்கிறது, ரெஃப்ரி தேடுறது, தோத்த டீமோட சண்டையைத் தீர்க்கிறது. பெரும்பாலான செயலாளர்கள் அதோடு களைச்சுப்போயிடுவாங்க. ரஹீம் மட்டும் அந்தப் போட்டிகளையே ஒரு பாடசாலையா மாத்தினார்.

நம்ம பசங்க பந்து கிடைச்சா விடவே மாட்டாங்க. ஒருத்தரை ஏமாத்தி, ரெண்டு பேரை ஏமாத்தி, மூணாவது ஆளிடம் பறிகொடுத்துட்டு நிப்பாங்க. கூட்டமும் அதுக்குத்தான் கைதட்டும். ரஹீம் அறிவுரை எதுவும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, விதியை மாத்தினார். ட்ரிபிளிங்கே கூடாது என்று சில டோர்னமென்ட்கள் நடத்தினார். பந்து வந்த உடனே பாஸ் கொடுத்தாகணும். அதுக்கு, பந்து காலுக்கு வர்றதுக்கு முன்னாடியே பக்கத்தில் யார் நிக்கிறாங்கனு பார்த்து வெச்சிருக்கணும். வராத காலால் ஆடும் போட்டியும் இப்படி வந்ததுதான். நமக்கு வராததை மறைச்சு ஒளிச்சு ஆடுறதுதானே வழக்கம்? அந்த டோர்னமென்ட்டில் ஒளிய இடமே கிடையாது.

இதன் பலன் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியில் தெரிந்தது. அதன் கோச்சும் ரஹீம்தான். 1950-ல் டூரண்ட் கோப்பை இறுதியில் மோகன் பகானை வீழ்த்தினார்கள். பம்பாயில் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை தூக்கினார்கள். கால்பந்து என்றாலே கல்கத்தா என்றிருந்த காலத்தில் இதெல்லாம் நடந்தது. இத்தனைக்கும் அப்போ யாரும் கால்பந்தையே தொழிலா வெச்சுக்க முடியாது. போலீஸ், ரயில்வே, ராணுவம்னு ஏதாவது ஒரு வேலையில் இருந்துக்கிட்டேதான் ஆடணும்.

இந்த வாத்தியாரைத்தான் தேசிய அணிக்கும் கூப்பிட்டாங்க. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் மேவாலால் அடித்த ஒரே கோலில் ஈரானை ஜெயித்து இந்தியா தங்கம் வாங்கியது. அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் யூகோஸ்லாவியாவிடம் 10-1. நம்ம ஆட்களில் பலர் வெறுங்காலோடு ஆடினாங்க. அதுக்கப்புறம்தான் பூட்ஸ் கட்டாயம் ஆனது. உடம்பு பலத்தில் ஐரோப்பியர்களோடு மோத முடியாது என்பதும் அங்கே பளிச்சென்று தெரிந்தது. அப்படின்னா பந்துதான் வேகமா ஓடணும். ட்ரிபிளிங் இல்லாத டோர்னமென்ட்டின் பாடமும் அதேதான்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று ஜெயித்தது இந்தியா. நெவில் டிசோசா ஹாட்ரிக். கடைசியில் நான்காவது இடம். ஒலிம்பிக்ஸ் கால்பந்தில் அதுக்கு மேல நாம இன்னும் போகவில்லை.

அந்த அணியில் இருந்த துளசிதாஸ் பலராமின் கதை நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. செகந்திராபாத் பக்கம் அம்முகூடா என்ற ஊரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் வறுமை. அவர் ஆட்டத்தைப் பார்த்து ரஹீம் பயிற்சிக்குக் கூப்பிட்டார். ஹைதராபாத்துக்கு வந்துபோகக் காசில்லை என்று பையன் தயங்கினான். வாடகை சைக்கிளுக்கான பணத்தை ரஹீமே கொடுத்தார். அவர் கையில் இருந்ததும் வாத்தியார் சம்பளம்தான் என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். மார்னிங் ஸ்டார், ஃப்ரெண்ட்ஸ் யூனியன் என்று செகந்திராபாத்தின் சின்ன கிளப்புகளில் தொடங்கி, பிறகு ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டல் சென்டருக்குப் போனார். ஆமா, குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் அதே சென்டர்தான். அங்கே முன்கள வீரராகப் போனவர் கோல்கீப்பராக மாறி, ஆசியாவிலேயே சிறந்தவர் என்ற பெயரை வாங்கினார்.

1960 ரோம் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸை 1-1 என்று மடக்கினாங்க. பெருவுக்கு எதிரா நம்ம தமிழ்நாட்டு சைமன் சுந்தர்ராஜ் ஒரு கோல் போட்டார். ரோமுக்குப் போன அணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். ஆனா, ஒரு மேட்ச்சில்கூட அவர் களமிறங்கவில்லை. அப்பா கோச், மகன் பெஞ்சில்! எந்த ஊர் கிளப்பில் இப்படிப் பார்த்திருக்கீங்க?

அடுத்து 1962 ஜகார்த்தா. முதல் மேட்ச்சிலேயே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்தோடு ஆடியபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போட்டாங்க. இதற்கிடையே இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்குச் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்துப் பேச, இந்தோனேசிய ரசிகர்கள் கொதிச்சுப்போயிருந்தாங்க. தேசியகீதத்துக்கே கூச்சல். செப்டம்பர் 4-ல் இறுதிப் போட்டி. மறுபடியும் தென் கொரியா. மொத்த மைதானமும் எதிர்ப்பக்கம் நிற்க, இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவங்க யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்.

தையல் போட்ட தலையோடு இருந்த ஜர்னைலை ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார். கோலில் தங்கராஜ். முதல் 20 நிமிஷத்துக்குள்ளேயே பி.கே.பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோல் திருப்பியும், 2-1 என்று தங்கம் இந்தியாவுக்கு.

ரஹீமுக்கு சிகரெட் பழக்கம் அதிகம். நுரையீரல் புற்றுநோய் முற்றி, ஜகார்த்தா முடிந்து ஒன்பது மாதத்தில், 1963 ஜூன் 11 அன்று இறந்துபோனார். வயது 53. கடைசிவரை ஹைதராபாத் சங்கத்தின் செயலாளர் அவர்தான். ரெண்டு ஆசியத் தங்கம் வாங்கிய பிறகும் அந்த ஊர் வேலையை அவர் விடவில்லை.

1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வாங்கியது. கேப்டன் சையத் நயீமுதீன், ஹைதராபாத்காரர். அதுக்கப்புறம் ஆசிய விளையாட்டு கால்பந்தில் நமக்கு ஒரு பதக்கம்கூட வரவில்லை.