மெய்யியல் பயிற்றிய பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார்

உயிர் என்று ஒன்று உண்டா? உலகம் எவற்றால் ஆயது? உடல் அழிந்தபின் எஞ்சுவது யாது? நாம் அறிந்தது உண்மையே என்று எவ்வாறு தெளிவது? இவ்வினாக்கள் பெரும்புலவர்க்கு மட்டும் உரியன அல்ல. பிள்ளைப் பருவத்திலேயே எழுவன. அவ்வாறு வினவும் மாணவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் தமிழ்ச் சமண குலத்தில் தோன்றிய பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அவர்கள்.

அவர் 1880-ஆம் ஆண்டு பிறந்தார். மெய்யியலில் முதுகலைப் பட்டம் பெற்று, சென்னை மாநிலக் கல்லூரியில் அத்துறைப் பேராசிரியராக விளங்கினார். இந்தியக் கல்விப் பணியில் உயர்ந்து, கும்பகோணம் அரசினர் கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார். அக்கல்லூரியிலேதான் உ. வே. சாமிநாதையர் 1880 முதல் தமிழாசிரியராக இருந்து, அவ்வூர்ச் சமணப் பெருமக்களிடம் ஐயம் தெளிந்து, சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தார். அரசு அவருக்கு இராவ்பகதூர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

அந்நாளில் கல்லூரிகளில் மெய்யியல் என்றால் பெரும்பாலும் கிரேக்க நாட்டுச் சிந்தனையும் ஐரோப்பியச் சிந்தனையுமே பயிலப்பட்டன. ஆன்மா, அணு, காலம், வெளி ஆகியவற்றைப் பற்றி நம் ஆசாரியர் ஆராய்ந்தவை பிராகிருதத்திலும் வடமொழியிலும் பழந்தமிழிலும் அடங்கிக் கிடந்தன. வீட்டில் கேட்டவற்றுக்கும் வகுப்பில் கற்றவற்றுக்கும் தொடர்பு காணாத நம் குலத்து மாணவர், முன்னோர் நெறி வெறும் சடங்கே என்று எண்ணிவிடும் நிலை இருந்தது. அவ்விடைவெளியை நிரப்பும் ஆற்றல் இருபுறக் கல்வியும் உடைய நயினார் அவர்களிடம் இருந்தது.

1920-ஆம் ஆண்டு குந்தகுந்தாசாரியரின் பஞ்சாஸ்திகாய சாரத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கத்தோடும் வெளியிட்டார். உயிர், புற்கலம், தருமம், அதருமம், ஆகாயம் என்னும் ஐந்தோடு காலத்தையும் கூட்டி ஆறு திரவியங்கள் என்பது நம் கொள்கை. இங்குத் தருமம் என்பது அறத்தைக் குறிப்பதன்று; மீன் இயங்க நீர் துணையாவது போல, இயங்கும் பொருளுக்குத் துணையாவது. அதருமமும் பாவமன்று, நடந்து களைத்தவன் தங்க மரநிழல் துணையாவது போல, நிற்கும் பொருளுக்குத் துணையாவது. முதன்முறை பயில்வோர் இடறும் இடம் இது.

ஒவ்வொரு பொருளிலும் தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒருங்கே உள்ளன என்பதும் அந்நூற் பொருளின் சாரம். நெய்வேலியிலும் முத்தாண்டிக்குப்பத்திலும் வாழ்வோர்க்கு இதனை விளக்கத் தொலைவில் உவமை தேட வேண்டுவதில்லை. முன்னொரு காலத்து மரஞ்செடிகளே மண்ணுள் புதையுண்டு பழுப்பு நிலக்கரியாயின. மரம் என்னும் நிலை அழிந்தது. கரி என்னும் நிலை தோன்றியது. எரித்தால் கரியும் நீங்கி, வெப்பமும் புகையும் சாம்பலும் தோன்றுகின்றன. நிலைகள் மாறினும் புற்கலம் இல்லாமற் போவதில்லை. மாற்றம் ஒன்றையே காண்பவன் எல்லாம் கணந்தோறும் அழிவன என்பான். நிலைபேறு ஒன்றையே காண்பவன் மாற்றம் மாயை என்பான். இரண்டையும் காண்பதே அநேகாந்தம்.

நயினார் அவர்கள் தமிழுக்குச் செய்த பெருந்தொண்டு, நீலகேசியைச் சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு 1936-இல் பதிப்பித்தது. நீலகேசியின் எதிர்வாதத்துக்கு இலக்கான குண்டலகேசிக் காப்பியம், சில செய்யுட்கள் தவிர, மறைந்துவிட்டது. ஏடுகளைக் காவாவிடின் நீலகேசிக்கும் அக்கதியே நேர்ந்திருக்கும்.

தெய்வத்துக்கு உயிர்ப்பலி வேண்டா, மண்ணுருவம் போதும் என்று முனிசந்திர முனிவர் கூறியதால், பலியிழந்த தேவதை சினந்தது. முனிவரை அச்சுறுத்தப் பழையனூர் நீலி ஏவப்பட்டாள். அச்சுறுத்த வந்தவள் அவருரை கேட்டுக் கொல்லாமையை மேற்கொண்டாள். பின்னர் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என ஒவ்வொரு கொள்கையாளரையும் நேரிற் கண்டு வாதிட்டாள். உணர்வு பூதங்களின் சேர்க்கையால் தோன்றி அவற்றோடு அழிவது என்ற பூதவாதியிடம், அறிவில்லாப் பொருள்களின் கூட்டத்திலிருந்து அறிவு எங்ஙனம் பிறக்கும் என்று வினவினாள். இவ்வினா இன்றும் அறிவியல் அரங்கில் ஓய்ந்தபாடில்லை. இந்தியத் தரிசனங்களைத் தமிழ்வழியே கற்கத் தொடங்குவார்க்கு இக்காப்பியம் ஒரு சிறந்த வாயில்.

1941-இல் தமிழிலுள்ள சமண இலக்கியங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், தமிழறியாத வடநாட்டுச் சமணர்க்கு நம் காப்பியங்களை அறிமுகம் செய்தது. 1950-இல், தம் எழுபதாம் அகவையில், குந்தகுந்தரின் சமயசாரத்தை ஆங்கிலத்தில் தந்தார். அதன் நீண்ட முன்னுரையில், ஆன்மாவைப் பற்றி ஐரோப்பிய மெய்யியலார் எண்ணியவற்றையும் இந்தியத் தரிசனங்கள் கண்டவற்றையும் முறைப்படுத்தி உரைத்த பின்னரே நூலுக்குள் அழைத்துச் செல்கிறார். பிறர் கொள்கையைச் சரியாகக் கூறிய பின்னரே தம் கொள்கையைக் கூறுவது நல்லாசிரியர் இயல்பு.

திருக்குறளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதினார். ஏலாசாரியர் என்னும் குந்தகுந்தரே அதன் ஆசிரியர் என்பது அவர் துணிபு. தமிழறிஞர் பலர் அதனை ஏற்றிலர். முடிவு எதுவாயினும், தம் கருத்தைச் சான்று காட்டி நிறுவ முயன்று, மறுப்போர்க்கும் இடம் விட்ட நெறி போற்றத்தக்கது.

1960-இல் அவர் மறைந்தார். அவர் நூல்களிற் பல ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ் மட்டும் பயின்ற நம் குடும்பத்தார் பலர்க்கு அவர் பெயரளவிலேயே தெரிந்திருக்கிறார். அந்நூல்களின் சாரத்தை எளிய தமிழில் ஆக்கி இளையோர் கையில் சேர்ப்பது நம் கடமை. ஆலய தரிசனமும் இரவுணவு நீத்தலும் நம் இல்லங்களில் தொடர்கின்றன. ஏன் என்று பிள்ளைகள் வினவும்போது விடை கூறும் பயிற்சியும் தொடர வேண்டும். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் ஒன்று குன்றினும் மற்றவை ஒளிரா. மகாவீரர் திருநாளில், ஒரு மாலைப்பொழுதேனும் குடும்பத்தோடு அமர்ந்து நீலகேசியின் ஒரு வாதத்தைப் படித்து, பிள்ளைகளை வினவச் செய்தல் அப்பேராசிரியர்க்குச் செய்யும் நன்றியாகும்.