தத்துவ போதக சுவாமியாரும் மனிதனின் பிறவிக் குணமும்



ஒருவன் தவறி நடந்தால், அவன் பிறவிக் குணமே அப்படி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம் அல்லவா? ஒரு ஜனம் முழுவதையுமே அப்படித் தள்ளிவிடலாமா என்ற வழக்கு, நானூறு வருஷங்களுக்கு முன் மதுரையில் எழுந்து ரோமாபுரி வரை போயிற்று. அந்த வழக்கில் நின்றவர் தத்துவ போதகர் என்று நம் முன்னோர் அழைத்த ராபர்ட் தெ நொபிலி சுவாமியார்.

இத்தாலியில் 1577-ல் உயர்குலத்தில் பிறந்தவர். சேசு சபையில் சேர்ந்து 1606-ல் மதுரைக்கு வந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாந்தஸ் சுவாமியார் பதினொரு வருஷமாய்ப் பாடுபட்டிருந்தார். முன்னாள் போர்வீரர், பள்ளிக்கூடம் நடத்தி, பிணியாளருக்கு மருந்தும் கொடுத்த நல்லவர். ஆயினும் மதுரையாரில் ஒருவரும் ஞானஸ்நானம் கேட்கவில்லை. கிறிஸ்தவனாவது என்றால் பரங்கியாவது என்றே ஜனங்கள் எண்ணினார்கள்.

நொபிலி சுவாமியார் காவி உடுத்தி, ஒருவேளை மரக்கறி உணவு உண்டு, தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். ஒரு பள்ளி ஆசிரியரோடு இருபது நாள் வாதம் செய்தார். யோசித்துப் பாருங்கள்: எதிரே இருப்பவனுக்குள் உண்மையைக் காணும் வெளிச்சம் சிறிதும் இல்லை என்று நினைப்பவர் இருபது நாள் பேசுவாரா? அந்த ஆசிரியர் ஞானஸ்நானம் பெற்றார்.

பெரியவர் பெர்னாந்தஸ் மனம் ஒப்பவில்லை. பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் அஞ்ஞானமே என்று மேலிடத்துக்கு எழுதினார். அது பொறாமையல்ல, பயம் என்றே நாம் கொள்ள வேண்டும். நொபிலியோ ஜென்மப் பாவத்தை மறுக்கவில்லை. அந்தப் பாவத்தால் மனித சுபாவம் காயப்பட்டது, ஆனால் சுயாதீனம் அணைந்து போகவில்லை என்று திரிதெந்தின் சங்கம் 1547-லேயே தீர்த்திருந்தது. ஆகவே ஒவ்வொரு வழக்கத்தையும் புடைத்துப் பார்த்து, விக்கிரக ஆராதனையை நீக்கி, மற்றதை விட்டுவைக்கலாம் என்று வாதாடினார். 1623 ஜனவரி 31-ந் தேதி பாப்பரசர் 15-ம் கிரகோரியார் சில நிபந்தனைகளோடு அவர் பக்கம் தீர்ப்பளித்தார்.

அதே வருஷம் அவர் நம் கொங்கு நாட்டுப் பக்கம் வந்தார். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் மரியாதை செய்தார். சேலத்திலோ தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. சத்திரத்தில் நோயுற்றுக் கிடந்தார். மனிதரை நல்லவர் என்று நம்பியவருக்குக் கிடைத்த பலன் இதுதானா என்று அங்கே யாரும் கேட்டிருக்கலாம். அவர் ஊரை விட்டுப் போகவில்லை. மெல்ல ஜனங்கள் மனம் இளகியது. நாட்டை இழந்திருந்த திருமங்கல நாயக்கர் 1625-ல் ஞானஸ்நானம் பெற்றார்.

ஒன்றை மறைக்கலாகாது. பிறப்பால் உயர்வு தாழ்வு பார்ப்பதையும் வெறும் உலக வழக்கம் என்றே சுவாமியார் விட்டுவைத்தார். அங்கே அவருடைய முறம் தவறியது. தாழ்ந்தவர் என்று எண்ணப்பட்ட கிறிஸ்தவர்களை உயர்குலத்தார் இகழக்கூடாது என்று அதே தீர்ப்பில் பாப்பரசர் சொல்லியிருந்தார். கோவிலுக்குள் யார் எங்கே உட்காருவது என்ற சண்டை அதற்குப் பின்னும் எத்தனை தலைமுறை நடந்தது என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் சில காலம் இருந்துவிட்டு மயிலாப்பூர் போனார். கண் பார்வை ஏறக்குறைய முழுதும் போய், ஒரு குடிசையில், அதே மரக்கறி உணவோடு வாழ்ந்து, 1656 ஜனவரி 16-ல் இறந்தார்.