காற்றைச் சக்கரத்தில் அடைத்தவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானிய நகரங்களில் ஓயாது ஒலித்தது சக்கரங்களின் இரைச்சல். கல் பாவிய தெருக்களில் இரும்புப்பட்டை கட்டிய வண்டிகள் கடகடவென்று உருண்டன. நோயாளி படுத்திருக்கும் வீட்டின் முன் தெருவில் வைக்கோலைப் பரப்பி ஓசையைத் தணிப்பது அக்கால வழக்கம். வசதி படைத்தவருக்கே அந்த அமைதியும் கிட்டியது. இரைச்சலையும் அதிர்வையும் ஒருசேர அடக்கவல்ல பொருள் எங்கும் நிறைந்திருந்த காற்றே. அதைச் சக்கரத்தில் அடைத்து நிலைபெறச் செய்தவர் பொறியாளர் அல்லர். ஒரு கால்நடை மருத்துவர். அவர்தாம் ஜான் பாய்ட் டன்லப்.

அவர் 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் ஸ்காட்லாந்தின் ட்ரெகார்ன் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். குறைமாதக் குழந்தை என்று பெற்றோர் கூறியதால், தம் உடல் நலிவானது என்ற எண்ணம் அவரை நெடுங்காலம் விடவில்லை. எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்று, பின்னர் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, பெல்பாஸ்ட் நகரில் பெயர்பெற்ற மருத்துவரானார்.

1887ஆம் ஆண்டில் அவருடைய சிறுவயது மகன் ஜானி மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டி வந்தான். அதன் சக்கரங்களில் இருந்தவை கெட்டி ரப்பர்ப் பட்டைகள். கல் தெருவில் வண்டி குலுங்கியது, சிறுவன் களைத்தான். தந்தை ஒரு மரவட்டைச் செய்து, அதன் விளிம்பில் மெல்லிய ரப்பர்க் குழாயைச் சுற்றி, லினன் துணியால் இறுக்கி, கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் அதில் காற்றை நிரப்பினார். பிறகு மிதிவண்டியின் சக்கரம் ஒன்றையும் இம்மரவட்டையும் தம் வீட்டு முற்றத்தில் உருட்டிவிட்டார். கெட்டி ரப்பர்ச் சக்கரம் பாதி வழியில் சாய்ந்து விழுந்தது. காற்றடைத்த வட்டோ முற்றத்தைக் கடந்து, கதவில் மோதித் துள்ளியது.

காரணம் எளியது. கெட்டியான பட்டை ஒரு கல்லின்மேல் ஏறும்போது சக்கரம் முழுவதும் வண்டியோடு சேர்ந்து எழுந்து விழவேண்டும். எழுந்து விழுவதில் வீணாகும் ஆற்றலே அதிர்வாகவும் ஓசையாகவும் வெளிப்படுகிறது. காற்றடைத்த பட்டை கல்லை உள்வாங்கிக்கொண்டு கடந்துவிடும்.

1888 டிசம்பரில் டன்லப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு மே மாதம் பெல்பாஸ்டில் நடந்த மிதிவண்டிப் பந்தயத்தில் வில்லி ஹ்யூம் என்ற வீரர் இந்த டயரைப் பூட்டி ஓடி வென்றார். பருத்த டயரைப் பற்றி ஐயுற்றிருந்தவர்கள் கருத்தை மாற்றிக்கொண்டனர். ஹ்யூமிடம் தோற்றவர்களுள் டப்ளின் வணிகர் ஹார்வி டூ குரோவின் மைந்தரும் இருந்தனர். புதுச் சக்கரத்தின் மதிப்பை உணர்ந்த தந்தை, டன்லப்புடன் இணைந்து நிறுவனம் தொடங்கினார்.

வணிகம் வளரத் தொடங்கிய வேளையில், 1890இல், பேரிடி ஒன்று விழுந்தது. அவருக்கு வழங்கிய காப்புரிமை செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமை பெற்றிருந்தார். தாம்சன் தம் விண்ணப்பத்தில் கூறிய பயன்கள் மூன்று: வண்டியை இழுக்கும் ஆற்றல் குறையும், பயணம் இதமாகும், ஓசை தணியும். அவர் சக்கரம் பூட்டிய குதிரைவண்டி இலண்டன் ரீஜன்ட் பூங்காவில் 1847இல் ஓடிக் காட்டியது. ஆயினும் அன்று மெல்லிய ரப்பர் கிடைத்தற்கு அரிது, விலையும் மிகுதி. கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. தாம்சன் 1873இல் மறைந்தார். டன்லப் அவரைப் பற்றி அறியாமலே அதே வழியில் நடந்திருந்தார். ஒருவர் காலத்தை முந்திவிட்டார். மற்றொருவர் மிதிவண்டிக் காலத்தில் செயல்பட்டார். வேறுபாடு அவ்வளவே.

தாம்சன் குறிப்பிட்ட மூன்றாம் பயன் இன்றும் முழுமையாக நிறைவேறவில்லை என்பது வியப்பே. இன்றைய மகிழுந்தில் இயந்திரத்தின் ஒலி அடங்கிவிட்டதால் டயரின் இரைச்சலே காதில் முன்னிற்கிறது. மின்சார வண்டியில் அது இன்னும் தெளிவாகக் கேட்கும். டயரின் அதிர்வு அச்சு வழியாக வண்டியின் உடலுக்கு ஏறுகிறது. பள்ளங்களில் நசுங்கும் காற்று சீறி வெளியேறுகிறது. ஆகவே அகலமான டயரும், பெரிய கட்டைகள் கொண்ட கரடுமுரடான டயரும் பெரும்பாலும் கூடுதலாக இரையும். ஒரே அளவுக் கட்டைகள் வரிசையாகத் தரையில் மோதினால் ஒற்றைச் சுருதியில் ரீங்காரம் எழும் என்பதால் கட்டைகளின் அளவை வேண்டுமென்றே மாற்றி அமைக்கின்றனர். டன்லப் அடைத்த காற்றே டயருக்குள் ஒத்ததிர்ந்து இரைச்சலை எழுப்புவதும் உண்டு. அதனைத் தணிக்கச் சில டயர்களின் உட்புறத்தில் நுரைப்பட்டை ஒட்டப்படுகிறது.

காப்புரிமையை இழந்தும் நிறுவனம் சாயவில்லை. டயரைச் சக்கரத்தில் மாட்டவும் கழற்றவும் பிறர் கண்டுபிடித்த முறைகளின் உரிமைகளை வாங்கி அது தழைத்தது. டன்லப்போ 1895இல் அதிலிருந்து விலகினார். மறு ஆண்டிலேயே நிறுவனம் 30 இலட்சம் பவுனுக்கு விற்கப்பட்டது. அப்பெருஞ்செல்வத்தின் பெரும்பங்கு அவரை வந்தடையவில்லை. ஆனால், அவர் பெயரும் தாடியுடன் கூடிய முகமும் வணிகச் சின்னங்களாக உலகெங்கும் சென்றன. சென்னை அம்பத்தூரிலும் அப்பெயரில் ஒரு டயர்த் தொழிற்சாலை இயங்கியது.

டப்ளினில் வாழ்ந்துவந்த டன்லப், 1921ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் தம் 81ஆம் வயதில் காலமானார். அப்போது அந்நகரத் தெருக்களில் மகிழுந்துகள் காற்றடைத்த டயர்களில் ஓடிக்கொண்டிருந்தன.