மலைத் தண்ணீரைக் கணக்குப் பார்த்தவர்: விமலசுரேந்திரவும் பிந்தி வந்த வெளிச்சமும்

பதுளைக்குப் போகும் ரயில் அம்பேவலையைத் தாண்டி, பட்டிப்பொல நிலையத்தில் வந்து நிற்கும்போது குளிர் எலும்பைத் தொடும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,890 மீற்றர் உயரம். இலங்கையில் இதைவிட உயரமான இடத்தில் வேறு ரயில் நிலையம் கிடையாது. இங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்குப் பாதை ஏறுகிறது. அந்தச் சமவெளியின் புல்லிலும் காட்டிலும் ஊறும் தண்ணீர்தான் மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் போய்ச் சேருகிறது.

நூறு வருடங்களுக்கு முன்பு இந்த மலைகளில் எல்லோர் கண்ணும் தேயிலை மேல்தான் இருந்தது. ரயிலும் தேயிலையைத்தான் சுமந்தது. ஆனால் ஒரு மனிதர் மட்டும் செடியை விட்டுவிட்டு, பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். அவர் பெயர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர. இலங்கையின் நீர்மின்சாரத்துக்குத் தந்தை என்று இன்று அழைக்கப்படுபவர்.

1874ஆம் ஆண்டு செப்டெம்பரில் காலியில் பிறந்த அவர், கொழும்பு ஆனந்தா கல்லூரியில் படித்தார். பிறகு இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியில் தொழில் கற்று, பொதுவேலைத் திணைக்களத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் பல்கலைக்கழகமே இல்லை. பொறியியலாளர் என்றால் வெள்ளைக்காரர் என்றிருந்த திணைக்களத்தில், ஓர் உள்ளூர்க்காரர் படிப்படியாக மேலே வருவது எளிதாக இருக்கவில்லை. சிவில் பொறியியலில் தேறிய பின்னர் இங்கிலாந்துக்குப் போய் மின்பொறியியலும் கற்றுத் திரும்பினார்.

வேலை அவரை மலைநாட்டுக்குக் கொண்டுவந்தது. கெசெல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் குறுகிய தூரத்துக்குள் பெரும் உயரத்திலிருந்து இறங்குவதை அவர் கவனித்தார். இந்த இரண்டும் சேர்ந்துதான் களனி கங்கையாகிறது. தண்ணீரின் அளவு, அது விழும் உயரம் இரண்டும் தெரிந்தால் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்தக் கணக்கை அவர் போட்டார்.

முதலில் சிறிதாகச் செய்து காட்டினார். 1912ஆம் ஆண்டு, நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளக்பூல் என்ற இடத்தில் ஒரு சிறிய நீர்மின் நிலையத்தைக் கட்டி, நுவரெலியா நகரத்துக்கு வெளிச்சம் கொடுத்தார். 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தின் முன்னால் ஓர் ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். மலைநாட்டு ஆறுகளிலிருந்து நாடு முழுவதற்கும் மின்சாரம் எடுக்கலாம், ரயில் பாதைகளையும் மின்சாரத்தில் ஓட்டலாம், தொழிற்சாலைகளை வளர்க்கலாம், வெளிநாட்டு எரிபொருளுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை என்பதே அதன் சாரம்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

அரசாங்கம் தயங்கியது. இவ்வளவு பெரிய செலவு எதற்கு, இவ்வளவு மின்சாரத்தை யார் வாங்கப்போகிறார்கள் என்பது அதிகாரிகளின் சந்தேகம். தோட்டக் கம்பனிகளுக்கு அவசரம் இருக்கவில்லை. பல தோட்டங்கள் தங்கள் எல்லைக்குள் ஓடும் ஓடையை மறித்து, தேயிலைத் தொழிற்சாலைக்கு வேண்டிய சக்தியைத் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தன. தங்கள் இயந்திரம் சுற்றினால் அவர்களுக்குப் போதும். ஆராய்ந்து ஆதாரம் கொடுக்க ஒரு பல்கலைக்கழகமும் இல்லை. அறிவு ஒரு தனி மனிதரிடம் இருந்தது, பணம் கம்பனிகளிடம் இருந்தது, அதிகாரம் அரசிடம் இருந்தது. மூன்றும் ஒரே மேசைக்கு வரவில்லை.

1920களில் லக்ஷபான திட்டத்தின் வேலைகள் ஒருவழியாகத் தொடங்கின. பிறகு பணமில்லை என்று கைவிடப்பட்டன. விமலசுரேந்திர அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் விடவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமையோடு வந்த முதல் தேர்தலில் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். திணைக்களத்துக்குள் நின்று சொல்ல முடியாததைச் சபைக்குள் நின்று சொல்லத் தொடங்கினார்.

அதே சபையில் ஹட்டனைப் பிரதிநிதித்துவப்படுத்தியவர் பெரி. சுந்தரம். மலையகத் தமிழரான அவர் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் இருந்தார். லயன் அறைகளில் வாழ்ந்தவர்களில் ஒரு பகுதியினராவது வாக்களித்து, தங்கள் ஆளைச் சபைக்கு அனுப்பக்கூடிய காலம் அது.

வேலைகள் மீண்டும் தொடங்குவதற்கும் முடிவதற்கும் இடையில் ஓர் உலகப் போர் வந்து போனது. கடைசியில் 1950ஆம் ஆண்டில்தான் லக்ஷபானவின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது. அதன் கொள்ளளவு 25 மெகாவாட். ஆய்வுரை சமர்ப்பித்து 32 வருடங்கள் கழிந்திருந்தன. விமலசுரேந்திரவுக்கு அப்போது 76 வயது. பார்க்கக் கொடுத்துவைத்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். 1953 ஓகஸ்டில் அவர் காலமானார். 1965இல் நோட்டன் பிரிட்ஜில் அமைந்த 50 மெகாவாட் மின்நிலையத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

கதையை இங்கே முடித்தால் அது பொறுமைக்குக் கிடைத்த வெற்றியாக இருக்கும். ஆனால் அந்த 32 வருடங்களில் இன்னொன்றும் நடந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வாக்குரிமையும் போனது. மின்சாரம் வந்தபோது, அது உற்பத்தியான மலைகளில் உழைத்தவர்களுக்குக் கேட்பதற்குக் குரல் இருக்கவில்லை. கம்பிகள் தேயிலை மலைகளுக்கு மேலாகக் கொழும்புக்குப் போயின. கம்பிக்குக் கீழே லயன்களில் குப்பி விளக்கு எரிந்தது. அந்த விளக்கு பல தோட்டங்களில் பல பத்தாண்டுகள் அணையவில்லை. பின்னர் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வறட்சிக் காலத்தில் நீர் வற்றினால் பழைய கோவிலின் மிச்சங்கள் இன்றும் வெளியே தெரியும்.

வடக்கில் உள்ளவர்களுக்கு இந்த இருட்டைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் அந்த மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். மின்சாரம் வெறும் பொறியியல் விடயம் அல்ல, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவும் அதில் அடங்கியிருக்கிறது என்பதை மலையகமும் வடக்கும் வெவ்வேறு வழிகளில் கற்றுக்கொண்டன.

இன்று அரசு, தொழில்துறை, பல்கலைக்கழகம் மூன்றும் கைகோர்க்க வேண்டும் என்பது எல்லோர் வாயிலும் வரும் பேச்சு. அதற்கு இலங்கையிலேயே உதாரணம் உண்டு. 2008இல் அரசும் ஐந்து தனியார் நிறுவனங்களும் சேர்ந்து இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனத்தை உருவாக்கின. அதற்கென ஹோமாகமவில் ஒரு தொழில்நுட்பப் பூங்காவும் எழுந்தது. விமலசுரேந்திரவுக்குக் கிடைக்காத அந்த மேசை இப்போது போடப்பட்டிருக்கிறது. நல்லதுதான்.

ஆனால் அந்த மேசை கொழும்பை ஒட்டியே போடப்பட்டிருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்குகிறது. அங்கே படித்து வெளியேறும் பிள்ளைக்கு வேலை கொடுக்கும் தொழில்துறை பக்கத்தில் இருக்கிறதா? பட்டிப்பொலவிலோ நோட்டன் பிரிட்ஜிலோ லயனில் வளரும் ஒரு பிள்ளை, தன் மலையில் ஓடும் தண்ணீரைக் கணக்குப் பார்க்கும் பொறியியலாளராக வருவதற்கு வழி இருக்கிறதா? அடுத்த பூங்காவுக்கு அடிக்கல் நாட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

விமலசுரேந்திரவின் வாழ்க்கை இரண்டு பாடங்களைத் தருகிறது. அறிவும் பணமும் அதிகாரமும் தனித்தனியே நின்றால் நல்ல திட்டம் முப்பது வருடம் தூங்கும். அவை சேர்ந்தாலும், அந்த மண்ணின் மக்களுக்கு மேசையில் இடம் இல்லாவிட்டால், வெளிச்சம் அவர்கள் தலைக்கு மேலால் போய்விடும். முதல் பாடத்தை நாடு மெதுவாகக் கற்றுக்கொண்டு வருகிறது. இரண்டாவதை நாம்தான் திரும்பத் திரும்ப நினைவுபடுத்த வேண்டும்.